கால் மரத்துப்போவதும் விறைப்பு தளர்வதும்: நீரிழிவுள்ள ஆண்கள் கேட்கும் கேள்விகள்

நீரிழிவுக்கான வழக்கமான பரிசோதனைக்கு வரும் ஆண்கள் கண்ணைப் பற்றியும் காலைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் தயங்காமல் கேட்கிறார்கள். விறைப்புக் குறைவைப் பற்றிய கேள்வி மட்டும், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, கதவின் பிடியில் கை வைத்த பிறகுதான் பலருக்கு வாயில் வருகிறது. சிலருக்கு அப்போதும் வருவதில்லை. அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளும், கேட்க நினைத்துக் கேளாமல் விடப்பட்ட கேள்விகளும் இங்கே பதில்களோடு தரப்படுகின்றன.

விறைப்புக் குறைபாடு என்று எதைச் சொல்ல வேண்டும்?

உடலுறவுக்குப் போதுமான விறைப்பு வராமல் இருப்பதோ, வந்தும் முடியும்வரை நிலைக்காமல் தளர்ந்துவிடுவதோ சில மாதங்களாகத் தொடர்ந்து நிகழ்ந்தால் அதை விறைப்புக் குறைபாடு என்கிறோம். களைப்பிலோ கவலையிலோ மது அருந்தியதாலோ எப்போதேனும் ஒரு நாள் இப்படி நேர்வது எல்லா ஆண்களுக்கும் உரியதே. ஆசை குறைவது, விந்து விரைவில் வெளியேறுவது, குழந்தைப்பேறு தள்ளிப்போவது ஆகிய மூன்றும் இதிலிருந்து வேறுபட்டவை. காரணமும் வேறு, சிகிச்சையும் வேறு. 'ஆண்மைக்குறைவு' என்ற சொல் இவை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, போதாக்குறைக்கு அவமானத்தையும் அதன் மேல் ஏற்றிவிடுகிறது என்பதால் இந்தப் பக்கத்தில் அச்சொல்லைப் பயன்படுத்தவில்லை.

எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. 145 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, நீரிழிவுள்ள ஆண்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு, அதாவது 52.5 விழுக்காட்டினருக்கு, ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருந்தது. நீரிழிவு இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றரை மடங்கு அதிகம். மற்றவர்களுக்கு வருவதைவிட 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே இவர்களுக்கு வந்துவிடுகிறது. சிலருக்கு நீரிழிவு இருப்பதே இந்தக் குறையைச் சொல்லப் போன இடத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவருகிறது.

விறைப்பு உண்டாகும்போது உடலில் என்ன நடக்கிறது?

ஆண்குறியின் உள்ளே நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு உருளைகள் உள்ளன. பஞ்சின் கண்ணறைகளைச் சுற்றி, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்தசை இழைகள் ஓடுகின்றன. சாதாரண நேரத்தில் இந்தத் தசை இறுகியே இருப்பதால் உள்ளே சிறிதளவு இரத்தமே போய்வருகிறது. விறைப்பு வருவது இந்தத் தசை தளரும்போதுதான். கையை மடக்கினால் புஜம் திரள்வதைப் போல இதுவும் தசை முறுக்கேறும் செயல் என்று எண்ணியிருப்பவர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு; ஆனால் நீரிழிவு எந்த இடத்தில் கைவைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

மனத்தில் எழும் கிளர்ச்சியோ தொடுதலின் உணர்வோ முதுகுத்தண்டின் அடிப்பகுதியை எட்டியதும், திருவெலும்பின் 2, 3, 4-ஆம் நரம்பு வேர்களிலிருந்து கிளம்பும் தன்னியக்க நரம்புகள், புராஸ்டேட் சுரப்பியை ஒட்டி ஓடி, அந்தச் செய்தியை ஆண்குறிக்குக் கொண்டு சேர்க்கின்றன. அங்கே அவற்றின் நுனிகள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. இரத்தக்குழாய்களின் உட்சுவரும் அதே வாயுவைச் சுரந்து, நரம்பு தொடங்கிவைத்த வேலையைத் தொடர்கிறது. இந்த வாயு தசைக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேதிப்பொருளைப் பெருக்க, தசை தளர்ந்து, தமனிகள் விரிந்து, பஞ்சில் இரத்தம் நிறைகிறது. நிறைந்து உப்பிய பஞ்சு, தன்னைச் சூழ்ந்த கெட்டியான உறையோடு சிரைகளை நசுக்குவதால், உள்ளே வந்த இரத்தம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. பிறகு பிடிஇ5 என்னும் நொதி சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்க, தசை மீண்டும் இறுகி, இரத்தம் வடிந்துவிடுகிறது.

இரத்தக்குழாய்களில் செய்தி கடத்தும் மூலக்கூறாக நைட்ரிக் ஆக்சைடு செயல்படுவதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அதே ஆண்டில்தான்.

சர்க்கரை இந்த நரம்புகளை எப்படிக் கெடுக்கிறது?

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால், நரம்பு இழைகளுக்குள் புகும் மிகைச் சர்க்கரை சார்பிட்டால் போன்ற பொருள்களாக மாறித் தேங்குகிறது. புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைத்துப்போகச் செய்கிறது. செல்களின் உள்ளே ஆக்சிஜன் சார்ந்த நச்சுகளைப் பெருக்குகிறது. நரம்புக்கே உணவூட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத நுண் இரத்தக்குழாய்களும் இதே காலத்தில் அடைபடுவதால், நரம்பு ஒரு பக்கம் நஞ்சாலும் மறு பக்கம் பட்டினியாலும் நலிகிறது.

மிக நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுகின்றன. அதனால்தான் மரத்துப்போதல் கால் விரல் நுனியில் தொடங்கி மேலேறுகிறது. மெல்லிய இழைகளும் எளிதில் கெடுகின்றன. ஆண்குறிக்குச் செல்லும் தன்னியக்க நரம்புகள் இந்த மெல்லிய இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே, பாதத்தில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருக்கிற ஒருவருக்கு விறைப்பும் தளர்ந்திருந்தால், அவை இரண்டும் பெரும்பாலும் ஒரே நோயின் இரு முகங்களே. பாதத்தைக் காட்டத் தயங்காதவர் மற்றதைச் சொல்லத் தயங்குவதற்கு மருத்துவ நியாயம் ஏதும் இல்லை.

நரம்பை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திவிடவும் முடியாது. இரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும் திறனை இழக்கிறது, தமனிகள் குறுகுகின்றன, பஞ்சுத் தசையின் ஒரு பகுதி நார்த்திசுவாக மாறிவிடுவதால், வந்த இரத்தத்தைத் தேக்கிவைக்கும் ஆற்றலும் குறைகிறது. நரம்பு, குழாய், தசை ஆகிய மூன்றும் ஒருசேர அடிபடுவதால்தான் நீரிழிவுள்ளவர்களின் விறைப்புக் குறைபாடு மற்றவர்களுடையதைவிடப் பிடிவாதமாக இருக்கிறது.

இது உடலாலா, மனத்தாலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நலமாக உள்ள ஆணுக்குத் தூக்கத்தில், கனவு காணும் கட்டங்களில், ஓர் இரவில் 3 முதல் 5 முறை வரை தானாகவே விறைப்பு வருகிறது. விடியற்காலையில் விழிக்கும்போது தெரிவது அவற்றுள் கடைசியானது. மனக்கலக்கத்தால் மட்டும் சிரமப்படுகிறவருக்கு இந்தத் தூக்க விறைப்பு பெரும்பாலும் மாறாமல் இருக்கும். நரம்போ குழாயோ கெட்டவருக்கு அதுவும் மெல்ல மங்கிப்போகும்.

இதை அறிய ஒரு காலத்தில் மருத்துவர்கள் அஞ்சல் தலைகளைப் பயன்படுத்தினார்கள் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டியபடி வரிசையாகக் கிழித்தெடுத்த நான்கைந்து தலைகளை, படுக்கப் போகும்முன் ஆண்குறியைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொள்ளச் சொல்வார்கள். காலையில் துளைக்கோட்டில் வளையம் அறுந்திருந்தால் இரவில் விறைப்பு வந்திருக்கிறது என்று பொருள். பின்னர் இதை அளக்கக் கருவிகள் வந்தன. இன்று பெரும்பாலோருக்குக் கருவியும் தேவைப்படுவதில்லை; கேள்விகளே போதுமானவை. திடீரென ஒரு நாளில் தொடங்கியதா, ஈராண்டாகச் சிறிது சிறிதாகக் குறைந்ததா? எல்லாச் சூழலிலும் இப்படியா, குறிப்பிட்ட சூழலில் மட்டுமா? காலை விறைப்பு இருக்கிறதா? மெல்லக் குறைந்து, எல்லாச் சூழலிலும் நிலைத்து, காலையிலும் இல்லாமற்போனது என்றால் உடலே முதற்காரணம் என்று கொள்ளலாம்.

ஆயினும் இந்தப் பிரிவினையை மிகக் கறாராகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. நரம்புப் பாதிப்பால் இரண்டு முறை தோற்றவர், மூன்றாம் முறை கட்டிலருகே வரும்போதே பயத்தோடு வருகிறார். பயம் இரத்தக்குழாய்களைச் சுருக்கும் நரம்புகளைத் தூண்டி, மிச்சமிருந்ததையும் தளர்த்திவிடுகிறது. நீரிழிவோடு மனச்சோர்வு சேர்ந்து வருவதும் அடிக்கடி காண்பதே. எனவே பலருக்கு விடை 'இரண்டும்' என்பதுதான்.

தன்னியக்க நரம்புகள் கெட்டிருப்பதற்கு வேறென்ன அடையாளங்கள்?

படுக்கையிலிருந்து எழுந்தவுடன் தலைசுற்றுவது, ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் நாடி வேகமாக ஓடுவது, சில கவளங்களிலேயே வயிறு நிரம்பிவிடுவது, சிறுநீர் முழுதும் வெளியேறாதது போன்ற உணர்வு, பாதங்கள் வியர்க்காமல் வறண்டு முகமும் மார்பும் மட்டும் மிகுதியாக வியர்ப்பது ஆகியவை. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ குறைந்தால் அது கவனிக்கப்பட வேண்டிய வீழ்ச்சி. இவற்றுள் ஆபத்தானது, சர்க்கரை தாழ்ந்துபோகும்போது வழக்கமாக வரும் நடுக்கமும் படபடப்பும் வராமலே போவது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள், உடலுறவும் ஓர் உடலுழைப்பே என்பதையும், அதனாலும் சர்க்கரை தாழக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விறைப்புக் குறைவுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, பயமுறுத்துவதற்காகவா?

அல்ல. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன்.

ஆண்குறிக்குள் செல்லும் தமனியின் உள்விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனியினுடையது 3 முதல் 4 மில்லிமீட்டர். குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவது உடல் முழுவதும் நடக்கும் செயல். ஒரே கனமுள்ள படிவு சிறிய குழாயை முதலில் அடைக்கும் என்பதால், நெஞ்சு வலிக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே விறைப்பு குறையத் தொடங்குவது பலரிடம் காணப்பட்டிருக்கிறது. நீரிழிவுள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: நரம்பு மரத்துப்போனதால் இதயத்தில் இரத்தம் குறையும்போதும் வலி தெரியாமல் போகலாம். நெஞ்சு மௌனமாக இருக்கிற ஒருவரிடம் எச்சரிக்கை சொல்லக்கூடியது விறைப்பு ஒன்றுதான் என்ற நிலைகூட வரலாம்.

ஆகவே, விறைப்பு குறைந்திருக்கிறது என்று சொல்பவருக்கு மாத்திரை எழுதுவதற்கு முன், இரத்த அழுத்தம், கொழுப்பு அளவு, புகைப்பழக்கம், மாடி ஏறும்போது மூச்சிரைப்பு வருகிறதா என்பவற்றை மருத்துவர் விசாரிக்க வேண்டும். இரண்டு மாடிகளைச் சற்று வேகமாக ஏறி, நெஞ்சு வலியோ மிகுந்த இரைப்போ இல்லாமல் நிற்க முடிகிறவரின் இதயம், பொதுவாக உடலுறவின் உழைப்பையும் தாங்கும். முடியாதவருக்கு இதயப் பரிசோதனை முதலில், மாத்திரை பிறகு.

என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

பெரும்பாலும் எளியவை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் காலை நேர அளவு ஆகிய இரத்தப் பரிசோதனைகள். பாதத்தில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வை உணரச் சொல்லியும் பார்க்கும் நரம்புச் சோதனை. ஐந்து கேள்விகள் கொண்ட, 25 மதிப்பெண்ணுக்கான ஒரு வினாத்தாள். அதில் 22-க்குக் கீழ் வந்தால் குறைபாடு உள்ளது என்று பொருள். ஆண்குறியின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்லை. ஆண்குறியையும் விதைகளையும் மருத்துவர் நேரில் பார்ப்பது அவசியம். முன்தோல் இறுகிப்போதல், பூஞ்சைத் தொற்று, உள்ளே தழும்பு கட்டி வளைந்துபோதல் ஆகிய மூன்றும் நீரிழிவில் அதிகம் வருபவை, பார்த்தாலொழியத் தெரியாதவை.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் பழைய நிலை திரும்புமா?

தொடக்க நிலையில் உள்ளவருக்கு ஓரளவு திரும்பக்கூடும். பல ஆண்டுகளாக நரம்பு நலிந்தவருக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மட்டும் பழைய நிலையைத் தந்துவிடும் என்று சொன்னால் அது பொய்யான ஆறுதல். ஆனால் மேலும் கெடாமல் காப்பதில் அதற்கு நிகரில்லை. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி ஆய்வில், கறாரான கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பை ஏறக்குறைய 60 விழுக்காடு குறைத்தது. அதில் பங்கேற்ற ஆண்களைப் பின்னாளில் விசாரித்தபோது, தொடக்கத்திலேயே நுண்குழாய்ப் பாதிப்பின் அறிகுறிகள் இருந்தவர்களுள், கறாரான கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர்களுக்கு விறைப்புக் குறைபாடு குறைவாகவே வந்திருந்தது.

இரண்டாம் வகை நீரிழிவில் சர்க்கரையோடு இரத்த அழுத்தம், கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு, புகை ஆகியவையும் சேர்ந்தே கணக்கில் வருகின்றன. நீரிழிவு இல்லாத, உடற்பருமனுள்ள 110 ஆண்களிடம் இத்தாலியில் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றால் எடை குறைத்த பிரிவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, மருந்தே இல்லாமல் விறைப்பு இயல்பு நிலைக்கு வந்தது. நீரிழிவுள்ளவர்களுக்குப் பலன் இதைவிடக் குறைவாக இருக்கலாம் என்றாலும், திசை அதுவே.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நெடுங்காலம் மிக உயர்ந்திருந்த சர்க்கரையை ஓரிரு மாதங்களில் அடித்து இறக்கினால், சிலருக்கு நரம்பு வலியும் விறைப்புக் குறைவும் திடீரென்று கூடுவதுண்டு. கட்டுப்பாடு தேவைதான், அதற்கான வேகத்தை மருத்துவரோடு பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை சாப்பிட்டேன், வேலை செய்யவில்லை. ஏன்?

சில்டெனாஃபில், டடாலஃபில், வர்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் விறைப்பை உண்டாக்குவதில்லை. சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் பிடிஇ5 நொதியைத் தடுத்து, தோன்றிய விறைப்பு கலையாமல் காக்கின்றன. தொடக்கச் செய்தியை நரம்புதான் அனுப்பியாக வேண்டும். நீரிழிவில் அந்தச் செய்தியே பலவீனமாக வருவதால், காக்க வேண்டியதும் குறைவாகவே இருக்கிறது. 1999-இல் வெளியான, நீரிழிவுள்ளவர்களிடம் மட்டும் நடத்திய ஆய்வில் சில்டெனாஃபில் எடுத்தவர்களில் 56 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் விறைப்பு மேம்பட்டது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பலன் உண்டு, எல்லாருக்கும் இல்லை என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டியது.

ஆயினும் 'வேலை செய்யவில்லை' என்று வருபவர்களிடம் சற்று விசாரித்தால், மாத்திரைக்கு நியாயமான வாய்ப்பே கிடைத்திருக்காது. ஒருவர் கொழுப்பு மிகுந்த விருந்து உண்ட கையோடு சில்டெனாஃபிலை விழுங்கியிருப்பார். அத்தகைய உணவு அதன் உறிஞ்சலைத் தாமதப்படுத்தும், நீரிழிவால் வயிறும் மெதுவாக இயங்கினால் இன்னும் தாமதமாகும். இன்னொருவர் விழுங்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி தனியே அமர்ந்து தானாக ஏதோ நடக்கும் என்று காத்திருந்திருப்பார்; தொடுதலும் கிளர்ச்சியும் இல்லாமல் எதுவும் நடக்காது. மூன்றாமவர் மிகக் குறைந்த அளவில் ஒரே ஒரு முறை முயன்றுவிட்டு மீதியைத் தூக்கிப் போட்டிருப்பார். மருத்துவர் சொன்ன அளவில், சில்டெனாஃபிலானால் வெறும் வயிற்றிலோ இலகுவான உணவுக்குப் பின்னோ, ஒரு மணி நேரம் முன்னதாக, வெவ்வேறு நாள்களில் ஐந்தாறு முறையாவது முயன்ற பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். டடாலஃபிலுக்கு உணவுத் தடை இல்லை. அதன் வேலை 36 மணி நேரம்வரை நீடிப்பதால் கடிகாரத்தைப் பார்க்கும் நெருக்கடியும் குறைவு. சிலருக்கு நாள்தோறும் சிறிய அளவில் எடுப்பது ஒத்துவருகிறது.

இந்த மாத்திரைகளை யார் எடுக்கக் கூடாது?

நெஞ்சு வலிக்காக நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர்கள் தொடவே கூடாது. நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு மாத்திரைகள், தெளிப்பான்கள் எல்லாம் இதில் அடங்கும். நெஞ்சு வலிக்கான நிகோரண்டில், நுரையீரல் இரத்த அழுத்தத்துக்கான ரியோசிகுவாட் ஆகியவையும் அப்படியே. இவற்றுள் ஒன்றும் விறைப்பு மாத்திரையும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்குச் சரியும். மாத்திரை எடுத்த பிறகு நெஞ்சு வலி வந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், வெட்கத்தை விட்டு, எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பதை மருத்துவர் அறிவார். நீங்கள் மாத்திரை எடுத்ததை அவர் அறியமாட்டார்.

புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்றவற்றை எடுப்பவர்கள் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். திடீரென்று ஒரு கண்ணில் பார்வை போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தளராமல் நின்றால் அது அவசர சிகிச்சைக்கு உரியது.

மாத்திரை எடுக்க முடியாதவர்களுக்கு, பலன் கிடைக்காதவர்களுக்கு என்ன வழி?

நரம்பின் உதவி இல்லாமலே வேலை செய்யும் வழிகள் உள்ளன. நீரிழிவுள்ளவர்களுக்கு இதுவே அவற்றின் பெருமை.

வெற்றிடக் கருவி என்பது ஓர் ஒளிபுகும் குழாயும் ஒரு சிறு பம்பும். குழாய்க்குள் காற்றை உறிஞ்சினால் இரத்தம் உள்ளே இழுக்கப்பட்டு விறைப்பு வருகிறது. பிறகு அடியில் ஓர் இறுக்கு வளையத்தை மாட்டி அதை நிலைநிறுத்துகிறார்கள். வளையத்தை அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது, குறிப்பாக உணர்ச்சி மங்கியவர்கள், ஏனென்றால் இறுக்கத்தால் வரும் வலி அவர்களுக்குத் தெரியாமலே போகலாம். பயன்படுத்தச் சற்று அலுப்பானது என்றாலும் நைட்ரேட் மருந்துகளோடு மோதாதது.

அல்புரோஸ்டாடில் ஊசி, பஞ்சுத் தசையை நேரடியாகத் தளர்த்துகிறது. ஆண்குறியில் ஊசியா என்று முகம் சுளிப்பது இயல்பே. ஆனால் ஊசி இன்சுலின் ஊசியைப் போலவே மெல்லியது. பக்கவாட்டில், நடுக்கோட்டையும் கண்ணுக்குத் தெரியும் சிரைகளையும் விலக்கிக் குத்தி, இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் முடிந்தது. நாள்தோறும் வயிற்றில் இன்சுலின் போட்டுப் பழகியவர்கள் இதை மற்றவர்களைவிட விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். முதல் ஊசியும் அளவைத் தீர்மானிப்பதும் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். அளவு மிகுந்தால் விறைப்பு இறங்காமல் நின்றுவிடும்.

இவை எதுவும் ஒத்துவராதவர்களுக்கு, 1973 முதல் வழக்கில் உள்ள, நீர் நிரப்பி விரிக்கும் உள்வைப்புச் சாதனம் உண்டு. அறுவை சிகிச்சையில் பஞ்சு உருளைகளுக்குள் இரு குழாய்களையும், விதைப்பையில் ஒரு சிறு பம்பையும் வைக்கிறார்கள். பம்பை அழுத்தினால் விறைப்பு, அதன் விடுவிப்புப் பொத்தானை அழுத்தினால் தளர்வு. உணர்ச்சியையோ உச்சத்தையோ இது கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. வைத்த பின் இயற்கை விறைப்புக்குத் திரும்ப வழியில்லை என்பதால் இது கடைசிப் படி. சர்க்கரை கட்டில் இல்லாதவருக்குத் தொற்று அபாயம் கூடும் என்பதால் முதலில் அதைச் சீர்செய்வார்கள்.

உச்சம் வருகிறது, விந்து வெளியே வருவதில்லை. இது என்ன?

சிறுநீர்ப்பையின் கழுத்து, விந்து வெளியேறும்போது இறுக மூடிக்கொள்ள வேண்டும். அதை மூடும் நரம்பு நலிந்துவிட்டால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது. அடுத்து வரும் சிறுநீர் சற்றுக் கலங்கலாகத் தெரியும். உடலுக்கு இதனால் தீங்கு இல்லை. குழந்தை வேண்டுவோருக்கே இது தடை. அவர்களுக்கும் கழுத்துத் தசையை இறுக்கும் மருந்துகளும், சிறுநீரிலிருந்து விந்தணுக்களைப் பிரித்தெடுத்துக் கருவுறச் செய்யும் முறையும் உள்ளன.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

குறைவு உறுதியானால் மட்டும். இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஆண்களில், குறிப்பாக உடற்பருமன் உள்ளவர்களில், இந்தக் குறைவு கணிசமாகக் காணப்படுகிறது. ஆசை மங்குவதும் மாத்திரை பலிக்காததும் அதன் குறிப்புகளாக இருக்கலாம். காலையில் வெறும் வயிற்றில், வெவ்வேறு நாள்களில் இரண்டு முறை அளந்து, இரண்டிலும் குறைந்திருந்தால்தான் சிகிச்சை. அளக்காமலே ஊசி போடுபவரிடம் போகாதீர்கள். வெளியிலிருந்து கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும் என்பதால், குழந்தைக்கு முயல்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

லேகியம், மூலிகை மாத்திரை, அதிர்வலைச் சிகிச்சை?

'முழுக்க இயற்கை' என்று விற்கப்படும் பல பொருள்களில், உறையில் சொல்லாமல் சில்டெனாஃபில் கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நைட்ரேட் எடுப்பவர் மூலிகை என்று நம்பி அதை விழுங்கினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். ஆண்குறியில் ஒலி அலைகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது; உறுதியான பலன் என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது?

அவருக்கு ஏற்கனவே தெரியும், காரணம்தான் தெரியாது. நீங்கள் விலகிப் படுப்பதை, தன்மேல் ஆசை போய்விட்டதாகவோ வேறு தொடர்பு இருப்பதாகவோ அவர் எண்ணிக்கொண்டிருக்கலாம். 'சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கிறது, மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்' என்ற ஒரு வாக்கியம் அந்தச் சந்தேகங்களைக் கலைத்துவிடும். மருத்துவரைப் பார்க்கும்போது இருவருமாகப் போவது சிகிச்சைக்கும் உதவும். கருவியோ ஊசியோ தேர்ந்தெடுக்கப்பட்டால் அது இருவரின் விஷயமும் ஆகிறது.

மருத்துவரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது, எதைக் கொண்டு போவது?

உட்கார்ந்தவுடன், கால் எரிச்சலைச் சொல்லும் அதே மூச்சில், 'விறைப்பும் குறைந்திருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். எப்போது தொடங்கியது, காலை விறைப்பு உண்டா என்ற இரண்டுக்கும் பதில் தயாராக இருந்தால் பாதி நேரம் மிச்சம்.

எடுத்துக்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் அவற்றின் அட்டையோடு ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கான தயசைடு மாத்திரைகள், அட்டனோலால் போன்ற பழைய பீட்டா தடுப்பான்கள், மனச்சோர்வு மருந்துகள், புராஸ்டேட்டுக்கான ஃபினாஸ்டெரைடு ஆகியவை விறைப்பைக் குறைக்கக்கூடியவை. கால் எரிச்சலுக்காகவே கொடுக்கப்படும் பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் போன்றவையும் சிலருக்கு அதையே செய்கின்றன. மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து, நரம்புப் பாதிப்பு அதனாலும் கூடியிருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்று மருந்துகள் பலவற்றுக்கு உண்டு, மாற்றுவது மருத்துவரின் வேலை. கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விடுகிறவர்கள் அந்தச் சிறு குப்பியையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் டைமோலால் இருந்தால், அதுவும் ஒரு பீட்டா தடுப்பானே.